இந்தா, கேக்குது

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்ததும் உள்ளேயிருந்து கிளம்பிய தூசியில் தளவாய்க்கு வரிசையாகத் தும்மல் வந்தது. வழக்கமாக இரண்டாவது தும்மலுக்கே அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும், "மூக்குல ஒரு துணியக் கட்டிக்கிட்டுச் செய்தா கிரீடம் எறங்கிருமோ" என்று. மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும், கோமதிதான் பெங்களூரில் இருக்கிறாளே, மகள் சங்கரி வீட்டில், பேரனுக்குப் பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டு. மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள். பிள்ளை குப்புற விழுந்ததும் வந்துவிடுவேன் என்றாள், அப்புறம் தவழட்டும் என்றாள், அப்புறம் பல் முளைக்கிற நேரம், வயிற்றால் போகிறது என்றாள், இப்போது அந்தப் பயல் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி "தாத்தா பை" என்று சொல்லி வைத்தே விடுகிறான், அவ்வளவு பெரிய மனுஷன் ஆகிவிட்டான். அவள் மட்டும் வந்தபாடில்லை. சங்கரன்கோவிலில் வெயில் வந்து போய்விட்டது, ஆடித்தபசுக் கூட்டம் வந்து போய்விட்டது, சம்பந்தமே இல்லாமல் ரெண்டு மழைகூட வந்து போய்விட்டது. போன வாரம் போனில் எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை, அதை அவர் எந்தக் காலத்தில் கேட்டார், மழை பெய்ததைச் சொன்னார், அதற்கு அவளாகவே சொன்னாள்: "நான் அங்க வந்துதான் என்ன செய்யப் போறேன், எங் கம்ப்யூட்டரும் படுத்துட்டுல்லா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு விளையாட்டா வினையா என்று அன்று பூராவும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் காலையில் முதல் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய், பழைய சாமான் விற்கிற கடைகளாக ஏறி இறங்கி, இதே மாடல் மதர்போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அது இப்போது கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இன்றைக்கு இது எழுந்துவிட்டால் போன் போட்டு, வா என்று வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். எழாவிட்டால் சொல்வதற்கு முகாந்திரம் இல்லை. இதுதான் தனக்கும் தனக்கும் அவர் போட்டுக்கொண்ட பேச்சு.

திருப்புளியை வைத்து முதல் ஸ்குரூவைத் திருகினார், மிளகு டப்பாவின் மூடியில் போட்டார், அது டங்கென்று விழுந்தது. செத்த போர்டு பச்சையாக, ஊர் வரைபடம் போலக் கோடு கோடாக இருந்தது. நடுவில் குட்டிக் குட்டி டிரம் மாதிரி நிற்கிற கெப்பாசிட்டர்களில் மூன்று தலை வீங்கி, ஒன்றிலிருந்து பழுப்பாக என்னவோ வழிந்து காய்ந்திருந்தது. பாவம், எத்தனை நாள் வீங்கிக்கொண்டே வேலை செய்ததோ. அவளும் அப்படித்தான், காலில் நீர் வைத்துக் கணுக்கால் தெரியாமல் போன பிறகுதான் சொன்னாள், அதுவும் செருப்பு நுழையவில்லை என்று சொன்னாள். அங்கே யார் பார்க்கிறார்கள் அவள் காலை, மாடிப்படி ஏறி இறங்குகிற வீடு, மகள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் இருட்டித்தான் மூடுகிறாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கும் யார் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒருத்தராவது கேட்டார்களா. சே, என்ன நினைப்பு இது, பச்சைப் பிள்ளையோடு போட்டி. இரண்டாவது ஸ்குரூ. மின்வாரியத்தில் கம்பம் ஏறி, கடைசியில் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர், பதினோராயிரம் வோல்ட்டு ஓடுகிற கம்பிக்குப் பக்கத்தில் நின்று பீடி பிடித்தவர், இந்தக் கைக்குட்டை அகல அட்டைக்குப் பயப்படுகிறார். அங்கே பயம் கிடையாது. கீழே டிரான்ஸ்பார்மர் சுவிட்சை இறக்கிவிட்டு அதில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவார்கள், ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதே என்று எழுதி. அந்த அட்டை தொங்கினால் கலெக்டரே வந்தாலும் தொட மாட்டார்கள். அட்டை ஒன்று போதும், மேலே நிற்கிறவன் நிம்மதியாகப் பாடக்கூடச் செய்யலாம். அவர் பாடியிருக்கிறார். கோமதி முன்னால்தான் ஒரு நாளும் பாடியதில்லை. மூன்றாவது ஸ்குரூ இறுகிக் கிடந்தது. அன்றைக்கு ஸ்டேஷனில் ரயில் நகரப்போகிற நேரம் ஜன்னல் கம்பிக்குள்ளேயிருந்து அவள் கேட்டாள், "அப்ப நான் போயிட்டு வரட்டுமா?" அவர், "சரி" என்றார். சரியாம் சரி. வேறு வார்த்தையா கிடைக்கவில்லை.

ரிப்பன் ஒயர் வந்துவிட்டது, கரண்டுக்கான பெரிய பிளக் வர மாட்டேன் என்றது, பக்கவாட்டில் கொண்டி இருக்கிறது, அதை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அமுக்கினார், வந்தது. எல்லாவற்றையும் முதலில் போனில் படம் பிடித்து வைத்திருந்தார், எந்த ஒயர் எங்கே இருந்தது என்று பார்க்க. அந்தப் படத்துக்கு முந்தைய படம் கோமதி அனுப்பியது, பேரனும் அவளும் ஒரு பார்க்கில், அவள் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள், தலையில் மப்ளர், காதோரம் நரை கூடிவிட்டது, சாயம் போடவில்லை போல. இங்கே இருந்தால் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, "பின்னால மட்டும் தடவுங்க, எனக்கு எட்டல" என்பாள். அங்கே பின்னால் யார் தடவுவார்கள். படத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார், ஒயர், சிவப்பு, வெள்ளை, நீலம். மாப்பிள்ளை நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை, கம்ப்யூட்டர் படுத்த விஷயம் தெரிந்ததும் அவரே கூப்பிட்டார்: "மாமா, அந்தப் பழசோட ஏன் மல்லுக்கட்டுதீங்க, ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழத்தி கூரியர்ல போட்டுருங்க, உள்ள இருக்கிறத எல்லாம் காப்பி பண்ணிருவோம். அத்தைக்கு இங்கயே ஒரு லேப்டாப் வாங்கி வெச்சுட்டாப் போச்சு." போச்சு. ஆமாம், போச்சுதான். அங்கே லேப்டாப் வந்துவிட்டால் அப்புறம் இங்கே அவளுக்கு என்ன இருக்கிறது? ஒரு கிழவனும் ரெண்டு குடம் தண்ணீரும். அன்று அவர், "பாப்போம் மாப்ள" என்று சொல்லிவிட்டு ஹார்ட் டிஸ்க் எது என்றே தெரியாதவர் மாதிரி இருந்துகொண்டார்.

அவளுடைய கம்ப்யூட்டர்தான் இது, சந்தேகமே வேண்டாம். தமிழ், இங்கிலீஷ் ரெண்டிலும் டைப் ஹையர் பாஸ் பண்ணினவள், கல்யாணமாகி வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் காலேஜுக்குப் போன வருஷம், வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று ஒருதடவைதான் சொன்னாள், அவர் ஒன்றும் சொல்லாமல் போய் இதை வாங்கிக்கொண்டுவந்து நடுவீட்டில் இறக்கினார். அதற்கப்புறம் டியூஷன் சென்டர் கேள்வித்தாள் என்ன, கோயில் கொடை நோட்டீஸ் என்ன, காதுகுத்துப் பத்திரிகை என்ன, தெருவே அவளிடம் வந்து நின்றது. அவள் தட்டுகிற சத்தம் ஓட்டில் மழை விழுகிற மாதிரி இருக்கும், அவர் பக்கத்து அறையில் படுத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார், தூங்குகிறார் என்று அவள் மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டுப் போவாள். இதற்குள் ரூபாய்த் துட்டு அளவில் ஒரு செல் இருக்கிறது, பெட்டிக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும் மற்றதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது அந்த செல்தான், அது எப்போதோ செத்துப்போய்விட்டது. தளவாயோ மின்வாரியத்து ஆள், ராத்திரி வீட்டிலுள்ள அத்தனை சுவிட்சையும் சுவரிலேயே அணைத்தால்தான் தூக்கம் வரும். ஆகவே தினமும் காலையில் இது எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்திருக்கும், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் எஃப் ஒன்னை அமுக்கு என்று கேட்டுக்கொண்டு அப்படியே நிற்கும், அமுக்கினால்தான் மேற்கொண்டு போகும். அவர் பல் தேய்த்துவிட்டு வந்து சுவிட்சைப் போடுவார், திரையைப் பார்ப்பார், அடுப்படிப் பக்கம் திரும்பி, "இந்தா, கேக்குது" என்பார். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, இந்தாதான். அவள் மாவுக் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவாள், சுண்டுவிரல் முட்டியால் ஒரு குத்து. "அந்தா இருக்கு பட்டன், உங்க கையில என்ன மருதாணியா போட்டிருக்கு" என்பாள். ஆனால் உடனே போக மாட்டாள். திரை நீலமாகி வருகிற வரைக்கும் அங்கேயே நிற்பாள், காலண்டரைப் பார்த்து இன்றைக்குக் கிருத்திகை என்பாள், அவருடைய காபியில் ரெண்டு வாய் குடிப்பாள், ராத்திரி கண்ட சொப்பனத்தைச் சொல்வாள். பிறகு போய்விடுவாள், அன்றைக்குப் பூராவும் அவ்வளவுதான் பேச்சு. எஃப் ஒன் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா, மேல் வரிசையில் இடது பக்கம் இரண்டாவது. செல்லை மாற்றுவது பெரிய காரியமா, எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மாற்றிவிட்டால் அவளை என்ன சொல்லி வெளியே கூப்பிடுவது?

புது போர்டு, புதுசென்ன புதுசு, யாரோ கழற்றிப் போட்டதுதான், பித்தளைக் குமிழ்கள்மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது. பிராசசரையும் அதன்மேல் விசிறியையும் கடைக்காரரே மாட்டித் தந்திருந்தார். பெரிய ஒயர்கள் எல்லாம் ஏறிவிட்டன. பெட்டியின் முன் பக்கத்துப் பட்டனிலிருந்து வருகிற பொடி ஒயர்கள்தான் உயிரை வாங்கின, எள்ளு எள்ளாக முள், அதில் செருக வேண்டும், கண்ணாடியைக் கழற்றினால் மங்குகிறது, போட்டால் ரெண்டாகத் தெரிகிறது. தெருவில் கல் உப்பு வண்டி ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது, அவள் இருந்தால் உப்பு இருந்தாலும் வாங்குவாள். ஒருவழியாகச் செருகி, சுவரில் சுவிட்சைப் போட்டு, முன் பட்டனை அமுக்கினார். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார். விசிறி அசையவில்லை, விளக்கு இல்லை, எதுவும் இல்லை. சரி, அவ்வளவுதான். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தபோது டிரைவர் ஒரு குலுக்கல் குலுக்கினானே, அப்போதே போயிருக்கும். அவள் வர மாட்டாள் என்று விதி எழுதியிருந்தால் போர்டு என்ன செய்யும், கடைக்காரர் என்ன செய்வார். இனி அவள் அங்கேயே, அந்த ஸ்வெட்டருக்குள்ளேயே, பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, பிறகு பேரனுக்கு டியூஷன், பிறகு பேரனுக்குப் பரீட்சை, பரீட்சைக்கு முடிவு உண்டா. வயசு ரெண்டு பேருக்கும் இறங்கவா செய்கிறது. ஒருநாள் இங்கிருந்து யாராவது போன் போட்டு அவரைப் பற்றிச் சொல்வார்கள், அவள் ஸ்வெட்டரோடு ரயில் ஏறுவாள். அந்த நினைப்பு வந்ததும் தளவாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான், கம்பத்தில் ஏறின புத்தி எங்கே போகும், இறங்கிப் பார்க்காமல் லைன் செத்தது என்று எழுதலாமா என்று போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பட்டன் ஒயரை ஒரு முள் தள்ளிச் செருகியிருக்கிறார். அட கூறுகெட்டவனே.

முள்ளை மாற்றிச் செருகி அமுக்கினார். விசிறி சுற்றியது. பெட்டியின் பின்பக்கத்து விசிறியிலிருந்து உர்ரென்று அந்தப் பழைய சத்தம், அதற்குள்ளே ஒரு சின்ன விசில், மாறவே இல்லை. பீப் என்றது. திரையில் வெள்ளை எழுத்து ஓடியது, அவர் சந்தோஷத்தில் எழுந்து நின்று, தன்னை அறியாமல் அடுப்படிப் பக்கம் திரும்பி, "இந்தா, கே" என்று வாயெடுத்துவிட்டார். அதற்குள் திரை தாண்டிப் போய்விட்டது. கேட்கவே இல்லை. எழுத்து ஓடியது, கறுப்பு வந்தது, நீலம் வந்தது, பேரன் பிறப்பதற்கு முன்னால் அவள் வைத்த செம்பருத்திப் படம் வந்து நின்றது. எல்லாம் சரியாக இருந்தது, தேதிகூடச் சரியாக இருந்தது. அப்போதுதான் கடைக்காரர் துண்டில் சுற்றிக் கொடுக்கும்போது சொன்னது காதுக்குள் வந்தது: "தேதி டைம் எல்லாம் வெச்சுட்டேன் சார், புது செல்லும் போட்டுருக்கேன், இனிமே எந்தத் தொந்தரவும் இருக்காது." எந்தத் தொந்தரவும் இல்லை. எழுந்தால் கூப்பிடலாம் என்றல்லவா பேச்சு, எழுந்துவிட்டது, கூப்பிட வேண்டியதுதானே. போனைக் கையில் எடுத்தார். என்ன சொல்வது? சரியாகிவிட்டது என்று சொன்னால் அவள், "அப்பாடா, நல்லது" என்பாள், இவர், "சரி" என்பார். இவருக்குத் தன்னைத் தெரியும். அந்தச் சரி தொண்டையில் தயாராக உட்கார்ந்திருக்கிறது, ஸ்டேஷனிலிருந்து இறங்காமல் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றார். இது எழுந்து என்ன பிரயோசனம், யாரையும் கேட்காமல் எழுகிறதே, இவரைப் போலவே இதுவும் இனி ஒன்றும் கேட்காது. அவருக்கு அழுகை வந்தது, தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சொல்லிக்கொள்ள ஆளில்லாததால் சும்மா அழுதார்.

பிறகு கம்ப்யூட்டரை அணைத்தார். சுவரிலும் அணைத்தார். கண்ணாடி மேசை டிராயரில் அவளுடைய கொண்டை ஊசி ஒன்று கிடந்தது, அதை எடுத்துவந்து புதுப் போர்டிலிருந்த பளபளப்பான செல்லை நெம்பி எடுத்தார். செத்த போர்டிலிருந்து செத்த செல்லை நெம்பி எடுத்து, சட்டையில் துடைத்து, அந்த இடத்தில் வைத்து அமுக்கினார், க்ளிக் என்றது. யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள், என்றால் என்ன. சுவிட்சைப் போட்டார். பட்டனை அமுக்கினார். விசிறி, விசில், பீப், வெள்ளை எழுத்து. நின்றது. எஃப் ஒன்னை அமுக்கு என்று கேட்டுக்கொண்டு அப்படியே, அசையாமல், பழைய அசட்டுத்தனத்தோடு நின்றது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்து கோமதிக்குப் போன் போட்டார். இந்த நேரம் பயல் தூங்குவான். மணி அடித்தது, அடித்தது, எடுத்தாள், குரலைத் தாழ்த்தி, "என்னங்க, இந்நேரத்துல, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள். "ஒண்ணுமில்ல. கம்ப்யூட்டர் எந்திரிச்சிட்டு." "நெசமாவா? யாரு வந்து பாத்தா?" "நாந்தான் புது போர்டு வாங்கி மாட்டுனேன்." "நீங்களா? ஷாக்கு கீக்கு அடிக்கலையே. ஏங்க, உள்ள எல்லாம் அப்படியே இருக்கா, செம்பருத்தி இருக்கா?" "இருக்கு." சரி வந்து தொண்டையில் முட்டியது, அதைத் தள்ளிவிட்டுச் சொன்னார், "இந்தா, கேக்குது."

அந்தப் பக்கத்திலிருந்து, "எஃப் ஒன்னா?" என்றாள். "ம்." "புது போர்டுங்கீங்க, இன்னுமா கேக்குது? கடைக்காரன் செல்லு போட்டுத் தரலையா?" "போட்டுத்தான் தந்தான்." "பின்ன?" "நாந்தான் கழத்திட்டேன். பழச எடுத்துப் போட்டுட்டேன்." "கூறு இருக்கா உங்களுக்கு? எதுக்கு இப்படி?" அவர் திரையைப் பார்த்தார், அந்தப் பட்டனைப் பார்த்தார், மேலே எழுதியிருந்தது பாதி அழிந்துபோய், முட்டி பட்டுப் பட்டு நடுவில் வழுவழுவென்று இருந்தது. "நான் அமுக்க மாட்டேன்" என்றார். "நீ வந்து அமுக்கு, கோமதி." பேரைச் சொன்னது அவருக்கே கேட்டது. பெங்களூரில் யாரோ வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, பிள்ளை தூக்கத்தில் சிணுங்கியது, அவள் தட்டிக்கொடுக்கிற சத்தம் வந்தது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. அதற்குப் பிறகு, "இதச் சொல்ல உங்களுக்கு ஒரு மிசினு கெட்டுப்போக வேண்டியிருக்கு" என்றாள். அப்புறம், "அத அப்படியே விட்டு வைங்க. சங்கரிகிட்ட நான் பேசிக்கிடுதேன். ராத்திரி பழக்கதோஷத்துல சுவிட்ச அணைச்சிராதீங்க, என்ன?" என்றாள். "சரி" என்றார் தளவாய்.

போனை வைத்துவிட்டு எழுந்து, பழைய அட்டைப் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தைக் கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதினார்: ஆள் வந்துகொண்டிருக்கிறார், சுவிட்சை அணைக்காதே. அதில் ஓட்டை போட்டு, நூல் கோத்து, சுவர் சுவிட்சில் தொங்கவிட்டார். வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை.